நோயாளரைத் தூக்குதலும் கிடத்துதலும்: தமிழகத்தில் ஒரு பராமரிப்புப் பணியின் வரலாறு

நோயாளரைத் தூக்குதலும் கிடத்துதலும் என்பது, தாமாக அசைய இயலாத ஒருவரை அவருக்கும் தூக்குபவருக்கும் காயம் நேராமல் இடம் மாற்றுவதையும், படுக்கையிலோ நாற்காலியிலோ தகுந்த நிலையில் வைப்பதையும் குறிக்கும். பக்கவாதம், தண்டுவடக் காயம், இடுப்பெலும்பு முறிவு, நீண்ட மயக்கம், முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் படுக்கையில் விழுந்தவர்களுக்கு மருந்துக்கு நிகரான முக்கியத்துவம் இதற்கு உண்டு. ஆயினும் நெடுங்காலம் இது மருத்துவத்தின் பகுதியாகக் கருதப்படவில்லை. சுமை தூக்கும் கூலி வேலையாக அல்லது வீட்டுப் பெண்களின் கடமையாகவே பார்க்கப்பட்டது. இது கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு திறன் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டில்தான் உறுதிப்பட்டது. இந்தியாவில் அந்த மாற்றத்தின் முக்கிய இடங்களுள் ஒன்று வேலூர். சென்னையிலிருந்து பூந்தமல்லி வழியாக மேற்கே செல்லும் நெடுஞ்சாலையில் சில மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள ஊர் அது.

டோலியும் கட்டிலும்

சாலையும் வண்டியும் இல்லாத காலத்தில் நோயாளியை வைத்தியரிடம் கொண்டு செல்ல இரு வழிகள் இருந்தன. ஒன்று டோலி. நீண்ட மூங்கிலின் இரு முனைகளுக்கும் இடையே போர்வையைக் கட்டி, அதில் நோயாளியைப் படுக்க வைத்து, முன்னும் பின்னுமாக ஆட்கள் தோளில் சுமப்பார்கள். குழந்தைக்குக் கட்டும் தூளியின் அமைப்பும் ஏறத்தாழ இதுதான். மற்றொன்று கட்டில். கயிற்றுக் கட்டிலோ மரக் கட்டிலோ, நோயாளியோடு சேர்த்து நான்கு பேர் தூக்கிச் செல்வார்கள்.

இரண்டில் கட்டிலே பாதுகாப்பானது. டோலியில் உடல் நடுவில் தொய்ந்து வில்லாக வளையும். காய்ச்சல்காரருக்கோ பேறுகாலப் பெண்ணுக்கோ அது அசௌகரியம் மட்டுமே. முதுகெலும்பு முறிந்தவருக்கு அந்த வளைவே தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். இருந்தும் ஒற்றையடிப் பாதையிலும் மலைச்சரிவிலும் டோலிக்கு மாற்று இருக்கவில்லை. கொடைக்கானலை அடுத்த வெள்ளகவி போன்ற சாலையற்ற மலையூர்களில் அண்மைக்காலம் வரை நோயாளிகள் டோலியில்தான் இறக்கப்பட்டனர்.

டோலி தூக்குவோர் ஆங்கிலேயரின் இந்தியப் படையிலும் இருந்தனர். போர்க்களத்தில் காயம்பட்டவரைத் தூக்குவதே அவர்கள் வேலை. தமிழர்கள் பெருமளவில் இப்பணியில் ஈடுபட்ட ஒரு நிகழ்வு தென்னாப்பிரிக்காவில் நடந்தது. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் 1860 நவம்பரில் முதல் ஒப்பந்தக் கூலிகளை நட்டால் மாகாணத்தின் டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. அடுத்த பல ஆண்டுகளில் தமிழ் பேசும் மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1899இல் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டபோது காந்தி முன்னின்று இந்திய ஆம்புலன்ஸ் படையைத் திரட்டினார். அதில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். டாக்டர் பூத் என்பவர் காயம்பட்டோரைக் கையாளும் முறைகளைக் கற்பித்தார்.

1899 டிசம்பரில் கொலென்சோவிலும் 1900 ஜனவரியில் ஸ்பியோன் காப் குன்றிலும் நடந்த சண்டைகளில் இவர்கள் பணியாற்றினர். காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் வைத்து ஒரே நாளில் 20 முதல் 25 மைல் வரை நடந்ததாகக் காந்தி தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். ஸ்ட்ரெச்சர் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தூரத்தின் பொருள் விளங்கும். தூக்குபவர்கள் ஒரே தாளத்தில் நடந்தால் ஸ்ட்ரெச்சர் துள்ளும் என்பதால், முன்னவர் இடக்கால் வைக்கும்போது பின்னவர் வலக்கால் வைக்க வேண்டும். கடைசியில் போர்ப் பதக்கம் படையின் தலைவர்களுக்கு வழங்கப்பட்டது. சுமந்த கூலிகளுக்கு இல்லை. நோயாளரைத் தூக்குவோரின் வரலாறு முழுவதிலும் இந்த மறதி தொடர்கிறது.

படுக்கைப்புண் பற்றிய தகராறு

தூக்கிச் சென்று சேர்ப்பது பாதி வேலை. சேர்த்த இடத்தில் எப்படிக் கிடத்துவது என்பது மறுபாதி. அதற்கான அறிவு படுக்கைப்புண்ணைப் பற்றிய ஒரு பழைய தகராறிலிருந்து பிறந்தது.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞர் ழான் மார்த்தன் ஷார்கோ, மூளையும் தண்டுவடமும் கெட்டால் அவற்றிலிருந்து தோலுக்குப் போகும் ஊட்டம் நின்றுவிடுகிறது, அதனால் புண் தானாகத் தோன்றுகிறது என்று கருதினார். பிட்டத்தில் கருமை தோன்றிவிட்டால் அது மரணத்தின் முன்னறிவிப்பு என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. இதற்கு மாறான சான்று முன்பே இருந்தது. பிரௌன் செக்கார் என்பவர் 1850களில் தண்டுவடம் வெட்டப்பட்ட விலங்குகளைச் சுத்தமாகவும் ஒரே இடத்தில் அழுத்தம் படாமலும் வைத்திருந்தார். அவற்றுக்குப் புண் வரவில்லை. அதே காலத்தில், 1859இல் வெளிவந்த செவிலியம் பற்றிய தமது நூலில் புளோரன்ஸ் நைட்டிங்கேலும் படுக்கைப்புண்ணை நோயின் கணக்கில் எழுதாமல் கவனிப்பின் கணக்கில் எழுதினார். ஆயினும் ஷார்கோவின் பெயருக்கு இருந்த செல்வாக்கு பெரிது. எப்படியும் வரப்போகும் புண்ணுக்காக யார் இரவில் எழுந்து நோயாளியைப் புரட்டப் போகிறார்கள்? தவறான கோட்பாடு ஒன்று பலரை அழுகவிட்டுக் கொன்றது என்று சொன்னால் மிகையாகாது.

புண் உண்டாகும் விதம் எளிதில் புரியக்கூடியது. தோலுக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் மயிரிழையினும் மெல்லியவை. 1930இல் லாண்டிஸ் என்பவர் மனிதத் தோலின் நுண்குழாய்க்குள் இரத்தம் நுழையும் முனையில் அழுத்தத்தை அளந்தபோது அது சுமார் 32 மில்லிமீட்டர் பாதரசமாக இருந்தது. வெளியிலிருந்து அதைவிட மிகுந்த அழுத்தம் தொடர்ந்து பட்டால் குழாய் மூடிக்கொள்ளும். கடினமான பரப்பில் உட்கார்ந்திருப்பவரின் பிட்ட எலும்புக்கு அடியில் அழுத்தம் 100ஐயும் தாண்டும். நல்ல உடல்நிலை உள்ளவருக்கு அந்த இடம் வலிக்கிறது அல்லது மரத்துப் போகிறது. அவர் தம்மை அறியாமலே அசைந்து கொள்கிறார். தூக்கத்திலும் ஒவ்வோர் இரவும் பலமுறை புரளுகிறார். உணர்ச்சியற்ற உடலுக்கு அந்தச் செய்தி வருவதில்லை. வந்தாலும் புரள வலுவில்லை. கொஷியாக் என்பவர் 1959இல் விலங்குகளில் செய்த சோதனை மற்றொன்றையும் காட்டியது. அதிக அழுத்தம் குறைந்த நேரத்திலும், குறைந்த அழுத்தம் அதிக நேரத்திலும் ஒரே கேட்டைச் செய்கின்றன. ஆகவே மெத்தை எவ்வளவு மென்மையானதாக இருந்தாலும் புரட்டாமல் விடமுடியாது.

அழுத்தத்தோடு இழுபடுதலும் சேர்கிறது. தலைப்பக்கத்தை மிக உயர்த்தி வைத்தால் நோயாளி மெல்லக் கீழே சறுக்குவார். தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகரும். இடையிலுள்ள குழாய்கள் முறுக்கப்பட்டுக் கிழியும். வாலெலும்புப் பகுதியில் ஆழமான புண் வருவதற்கு இது ஒரு முக்கிய காரணம். சறுக்கியவரை அக்குளில் கைகொடுத்து மேலே இழுப்பதும் இதே கேட்டைச் செய்யும்.

படுக்கைப்புண்ணுக்கு எதிராகத் தமிழக மருத்துவமனைகளில் நெடுங்காலம் செய்யப்பட்டது முதுகுக்கு ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போடுவது. செவிலியர் பள்ளிகளில் அது முறையாகக் கற்பிக்கப்பட்டது. அதில் ஒரு நன்மை இருந்தது. தேய்ப்பதற்காகவாவது நோயாளியைப் புரட்டினார்கள், முதுகைப் பார்த்தார்கள். ஆனால் சிவந்துவிட்ட இடத்தை அழுத்தித் தேய்ப்பது உள்ளேயுள்ள சிதைவை அதிகரிக்கும் என்பது இன்றைய முடிவு. குதிகாலுக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய கையுறையை வைப்பதும், பிட்டத்துக்கு வளையத் தலையணை கொடுப்பதும் அவ்வாறே கைவிடப்பட வேண்டியவை. வளையம் நடுப்பகுதியைக் காப்பாற்றுவதாகத் தோன்றினாலும் சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை இறுக்குகிறது.

இரண்டு மணி நேரக் கணக்கு

தகராறு நடைமுறையில் தீர்ந்தது இங்கிலாந்தில். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயத்துக்கான தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அதன் தலைவர் லுட்விக் குட்மன், ஜெர்மனியிலிருந்து நாஜிகளிடம் தப்பி வந்த யூத மருத்துவர். அதற்கு முன்பு தண்டுவடம் முறிந்த போர்வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்துகொண்டிருந்தனர். குட்மன் இரவும் பகலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்ட வேண்டும் என்று கட்டளையிட்டார். வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று நள்ளிரவிலும் வந்து பார்ப்பாராம். புரட்டுவதற்கென்றே ஆட்கள் குழுவாக அமர்த்தப்பட்டனர். புண்கள் ஆறின, நோயாளிகள் பிழைத்தனர். பிழைத்தவர்களுக்கு வாழ்க்கை வேண்டுமே என்று அவர் 1948இல் தொடங்கிய விளையாட்டுப் போட்டியிலிருந்துதான் இன்றைய பாராலிம்பிக் வளர்ந்தது. பதக்கம் வெல்லும் வீரர்களைப் பற்றி எழுதப்படும் அளவுக்கு அந்தப் புரட்டும் குழுவைப் பற்றி எழுதப்படுவதில்லை.

வேலூர்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் அறுவை மருத்துவராக வந்தவர் பால் பிராண்ட். அவர் பிறந்தது 1914இல், கொல்லிமலையில். பெற்றோர் அங்கே பணியாற்றிய ஆங்கிலேயர். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மடங்கிய கைகளைப் பார்த்தது அவர் ஆய்வின் போக்கைத் தீர்மானித்தது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்று அதுவரை நம்பப்பட்டது. அப்படியன்று, வலி தெரியாததால் சூட்டிலும் கூர்மையிலும் அழுத்தத்திலும் அவர்களே தம் கைகால்களைச் சிதைத்துக் கொள்கின்றனர் என்று பிராண்டும் அவருடைய குழுவினரும் நிறுவினர். படுக்கைப்புண் தகராறின் மறு வடிவமே இது. ஷார்கோ நரம்பின் மேல் போட்ட பழியைத் தமிழகத்தில் தொழுநோய்க் கிருமியின் மேல் போட்டிருந்தார்கள். உண்மைக் காரணம் இரண்டிலும் ஒன்றே: உணர்ச்சியற்ற தோலின் மேல் விடாமல் படும் அழுத்தம். பாதத்தின் அழுத்தத்தைப் பரவலாக்கும் மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு இந்தப் புரிதலின் பயன். தமிழகத்தின் தொழுநோய் மையங்களில் அது இன்றும் வழங்கப்படுகிறது.

பிராண்டின் சக மருத்துவர்களில் ஒருவர் மேரி வர்கீஸ். கேரளத்தின் செறாயியில் 1925இல் பிறந்து வேலூரில் மருத்துவம் படித்தவர். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களுடன் வெளியே சென்றபோது அவர்கள் வண்டி கவிழ்ந்தது. முகத்தில் பெருங்காயத்தோடு அவருடைய தண்டுவடமும் சேதமடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போயின. அந்த நாள்களில் இந்தியாவில் இத்தகையவருக்கெனத் தனி மையம் ஏதும் இல்லை.

நடக்க முடியாத மருத்துவர் என்ன செய்வது என்பதற்குப் பிராண்ட் கண்ட விடை எளியது. கை அறுவைச் சிகிச்சையை மருத்துவர் உட்கார்ந்துதான் செய்கிறார். அதற்குக் கால்கள் தேவையில்லை. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்படுத்தினார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். அதன்பின் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1963இல் வேலூரில் அத்துறையின் தலைவரானார். அதே ஆண்டு டாரதி கிளார்க் வில்சன் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலும் வெளிவந்தது.

1966இல் வேலூர் பாகாயத்தில், நோயாளிகள் உள்ளே தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவதாக அது எண்ணப்படுகிறது. இன்று அது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1986இல் காலமானார்.

அயல்நாட்டு முறையை அப்படியே வேலூரில் பயன்படுத்த இயலாது. அங்கே புரட்டுவதற்கு ஆட்கள் அமர்த்தப்பட்டனர், வீட்டுக்குத் திரும்பினால் அரசு ஊழியர் வந்து பார்த்தார். இங்கே மருத்துவமனையை விட்டு நோயாளி போவது மண் தரை வீட்டுக்கு. சக்கர நாற்காலி நுழையாத நிலைவாசல், கிணற்றடிக் குளியல், கழிப்பறை இல்லாத கொல்லை. அங்கே அவரைப் புரட்டப் போவது மனைவி அல்லது தாய். ஆகவே பாகாயத்தில் குடும்பத்தாரில் ஒருவர் நோயாளியோடு தங்கிப் பராமரிப்பைக் கற்றுக்கொள்வது சிகிச்சையின் பகுதியாயிற்று. புரட்டுவது, தோலைத் தினமும் பார்ப்பது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது, நாற்காலியில் உள்ளவர் அடிக்கடி இரு கைகளையும் ஊன்றித் தம் பிட்டத்தைத் தூக்கிவிடுவது ஆகியவை பாடங்கள். நோயாளியே கற்றுக்கொள்ளக்கூடியதை நோயாளிக்கும், அவரால் முடியாததை உறவினருக்கும் சொல்லிக் கொடுப்பது என்ற பிரிவினை இதில் கவனிக்கத்தக்கது. தூக்கப்படுகிறவரும் இந்தப் பணியில் ஒரு பங்காளி, வெறும் சுமை அல்லர். இதை நாற்காலியில் அமர்ந்திருக்கும் மருத்துவர் ஒருவர் சொன்னபோது அதற்குத் தனி எடை இருந்திருக்கும்.

இங்கே பயிற்சி பெற்றுச் சென்றவர்கள் பரிசோதனைக்காகவும் விழாவுக்காகவும் மீண்டும் கூடும் ‘ரிஹாப் மேளா’ என்ற ஆண்டு நிகழ்ச்சியும் உண்டு. வீட்டுக்குப் போன பிறகு புண் வந்ததா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு விழா ஒரு நல்ல வழி.

தெற்கே தென்காசி மாவட்டத்து ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கம் தோன்றியது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் கடற்படை அதிகாரி தேர்வுக்கான உடற்சோதனையின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சையளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹல் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். பெருநகரத்துக்கு வரமுடியாத கிராமத்தாருக்கு அவர்கள் ஊரிலேயே பயிற்சி என்பது இச்சங்கத்தின் பாதை. ராமகிருஷ்ணனுக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

தூக்குபவரின் முதுகு

இதுவரை சொன்னவை நோயாளியின் தோலையும் தண்டுவடத்தையும் பற்றியவை. தூக்குபவரின் முதுகைப் பற்றிய கவலை மிகப் பிந்தியே வந்தது. செவிலியர்கள் நடுவயதில் இடுப்பு வலியால் வேலையை விடுவது எல்லா நாடுகளிலும் வழக்கமாக இருந்தது. சரியாகக் குனியத் தெரியாததால் வந்தது என்று அவர்கள் மீதே குறை சொல்லப்பட்டது. முழங்காலை மடக்கு, முதுகை நேராக வை என்று போதித்தார்கள். அந்தப் போதனை தரையிலிருந்து பெட்டியைத் தூக்குவதற்கு ஏற்றது. மனித உடலுக்குக் கைப்பிடி கிடையாது. கட்டிலின் நடுவில் கிடக்கும், திடீரென்று திமிறக்கூடிய, ஒருபக்கம் கனக்கும் உடலை எட்டிக் குனிந்துதான் பிடிக்க முடியும்.

அமெரிக்காவின் தொழில் நலத்துக்கான தேசிய நிறுவனம் பொதுவான பொருள்களைத் தூக்குவதற்கு மிகச் சாதகமான நிலையில் 23 கிலோ என்ற வரம்பைப் பரிந்துரைக்கிறது. நோயாளிகளைத் தூக்குவதற்கு அதே கணக்கீட்டைப் பொருத்திப் பார்த்த தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் சொன்ன வரம்பு 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ. 60 கிலோ எடையுள்ளவரை இருவர் தூக்கினாலும் ஆளுக்கு 30 கிலோ வருகிறது. ஆகவே மனிதரைக் கையால் முழுமையாகத் தூக்குவதைத் தவிர்த்து, நகர்த்துவது, சாய்ப்பது, சறுக்க வைப்பது, கருவியால் தூக்குவது என்ற போக்கு மேலைநாடுகளில் வந்தது. பிரிட்டனில் கையால் சுமை தூக்குவது பற்றிய 1992ஆம் ஆண்டு விதிகள் மருத்துவமனை வார்டுக்கும் பொருந்தின.

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, காயம் விளைவிக்கக்கூடிய அளவு கனமான சுமையைத் தூக்க எந்தத் தொழிலாளியையும் தொழிற்சாலையில் பணிக்கக்கூடாது என்றது. தொழிற்சாலைக்கு உள்ளே மட்டும் செல்லுபடியான பாதுகாப்பு அது. வார்டில் நிற்கும் ஆயாவும் வீட்டில் நிற்கும் மருமகளும் அதன் எல்லைக்கு வெளியே இருந்தனர்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த முரண்பாடு கண்கூடாகத் தெரிகிறது. 1960களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் ஆவடியில் டாங்கிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தன. வேலைக்கு வந்தவர்கள் சுற்றிலும் மனை வாங்கியும் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளிலும் தங்கினர். அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. அன்று இளைஞராக வந்தவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தொடுகிறார்கள். பலருடைய பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். பட்டறையில் எஞ்சினைத் தூக்க செயின் பிளாக் வைத்திருந்த தொழிலாளி, பக்கவாதத்தில் விழுந்த பின் மனைவியின் இடுப்பு வலுவை நம்பியிருக்கிறார். தொட்டில் போன்ற துணியில் நோயாளியைத் தூக்கும் கருவியை அமெரிக்காவில் தம் கழுத்துக் காயத்துக்குப் பின் டெட் ஹோயர் என்பவர் உருவாக்கிப் பரப்பினார். இங்கே வீடுகளில் அது அரிது. அறையின் அகலமும் கட்டிலின் அடிப்பெட்டியும் பல வீடுகளில் அதை உள்ளே விடுவதில்லை.

அதைவிடப் பெரிய தடை படிக்கட்டு. லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்புகளில் மேலே இருப்பவரை மருத்துவமனைக்கு இறக்குவது தெருவே கூடிச் செய்யும் காரியம். வழக்கமாகக் கையில் கிடைப்பது பிளாஸ்டிக் நாற்காலி. அதன் கால் படியின் நடுவே முறியலாம். வேறு வழியில்லாதபோது கைப்பிடியுள்ள உறுதியான மர நாற்காலியே நல்லது. நோயாளியின் மார்பையும் இடுப்பையும் வேட்டியாலோ துண்டாலோ நாற்காலியோடு கட்ட வேண்டும். முகம் இறங்கும் திசையை நோக்கியிருக்க, நாற்காலியைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வலுவானவர் பின்புறமும் மற்றவர் முன்கால்களையும் பிடிக்க வேண்டும். முன்னால் பின்நடையாக இறங்குபவரின் முதுகில் மூன்றாமவர் கை வைத்துப் படியைச் சொல்ல வேண்டும். விழுந்து கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவருக்கு இந்த நாற்காலி முறை கூடாது. அவரை அசைக்காமல் 108ஐ அழைப்பதே சரி. தமிழகத்தில் 2008 செப்டம்பரில் தொடங்கிய அந்தச் சேவை, முதுகுப் பலகையையும் கழுத்துப் பட்டையையும் சாலைவரை கொண்டுவந்தது. உடலைத் திருகாமல் தலை, தோள், இடுப்பு மூன்றையும் ஒரே கட்டையாகப் புரட்டிப் பலகையில் ஏற்றுவது அதில் வரும் பணியாளரின் பயிற்சியில் அடங்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலை போன்ற விபத்து மிகுந்த சாலைகளில், அடிபட்டவரைக் கைகால் பிடித்து ஆட்டோவில் மடக்கித் திணிக்கும் பழைய வழக்கம் எத்தனை தண்டுவடங்களை முறித்திருக்கும் என்று கணக்கிட வழியில்லை.

வீட்டுக்குள் பயன்படும் முறைகள் செலவில்லாதவை. இரண்டாக மடித்த பருத்திப் போர்வையைத் தோள் முதல் தொடை வரை விரித்து, இருபுறமும் இருவர் சுருட்டிப் பிடித்து நகர்த்தினால் தோல் உரசாது. பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது முழுமையாக ஒருக்களிக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சுமார் 30 பாகை சாய்த்தால் இடுப்பெலும்பின் மேல் எடை விழாது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையும், குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்றும் வேண்டும். பக்கவாதம் வந்தவரைச் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்புவது பரவலான வழக்கம். தோள் மூட்டு நழுவுவதற்கு அது ஒரு காரணம். இடுப்பில் துண்டைக் கட்டி அதைப் பிடித்து எழுப்புவதே பாதுகாப்பு. நாற்காலியை நல்ல கை இருக்கும் பக்கம் வைத்து, பிரேக் போட்டு, கால்தாங்கியை மடக்கிவிட்டு, மூன்று எண்ணிச் சேர்ந்து எழ வேண்டும். எண்ணுவதை நோயாளியே செய்தால் இன்னும் நல்லது. உணவு கொடுக்கும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, உண்டபின் அரைமணி நேரம் அப்படியே விட்டால் உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்துக் குறையும்.

மருந்துக்கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் ஏர் பெட் இப்பகுதியில் இப்போது சாதாரணம். காற்றறைகள் மாறி மாறி நிரம்பி அழுத்தத்தை இடம் மாற்றுகின்றன. ஏர் பெட் வந்துவிட்டது, இனிப் புரட்ட வேண்டாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மின்சாரம் நின்றாலோ குழாய் மடங்கினாலோ அது வெறும் பிளாஸ்டிக் விரிப்பு.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையாளரும் வலிநிவாரணச் செவிலியரும் வீட்டுக்கு வருகிறார்கள். வேலூரில் உறவினர் மருத்துவமனைக்குப் போய்க் கற்றது, இத்திட்டத்தில் நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்கிறது. சொந்தக் கட்டிலின் உயரத்திலும் சொந்தக் கழிப்பறையின் வாசலிலும் வைத்துக் கற்பது பயிற்சிக்கூடத்தில் கற்பதைவிடப் பயனுள்ளது என்பதில் ஐயமில்லை.

வருகிறவர் இருப்பது சிறிது நேரமே. 2 மணிக்கு ஒருமுறை என்றால் நாளொன்றுக்கு 12 தடவை, வாரத்துக்கு 84 தடவை நோயாளி புரட்டப்பட வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டார்தான் செய்ய வேண்டும். பல வீடுகளில் அந்த வீட்டார் என்பவர் ஒரே ஒருவர், அவரும் அறுபதைக் கடந்தவர். நல்ல மெத்தை இருந்து தோலில் சிவப்பு இல்லாவிட்டால் இரவில் இடைவெளியை நீட்டலாமா என்பதைச் செவிலியர் தோலைப் பார்த்துச் சொல்ல முடியும். நள்ளிரவு, 2 மணி, 4 மணித் தடவைகளுக்கு யார் எழுந்திருப்பது என்பதையும் அதே உட்காரலில் குடும்பத்தாரோடு பேசி முடிவு செய்கிற சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள்.